கிராஸ் ஸ்லைடு நட்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

லேத்தில் (கடைசல் இயந்திரம்) வெட்டும் டூலைக் குறுக்காக உள்ளே, வெளியே நகர்த்துவது கிராஸ் ஸ்லைடு. கைப்பிடியோடு சுழலும் நீளத் திருகின்மேல் ஓடி அதை இழுத்துச் செல்வது அதன் நட். என் மேசை லேத்தில் இதுவரை நான்கு கிராஸ் ஸ்லைடு நட்டுகளை மாற்றியிருக்கிறேன். அவற்றில் இரண்டை மாற்றியிருக்கவே வேண்டியதில்லை. கோளாறு வேறெங்கோ இருந்தது. கழற்றுவதற்கு எளிதாக இருந்ததால் பழி நட்டின் மேல் விழுந்தது. நண்பர்கள் கொண்டுவந்து காட்டும் லேத்துகளிலும் பாதிக்குப் பாதி இதே கதைதான். ஆகையால் இங்கே முதலில் அறிகுறி, பிறகு காசு செலவில்லாத காரணம், அதன் பிறகே செலவு என்ற வரிசையில் எழுதுகிறேன்.

நான் சொல்வது 7×12, 7×14 என்று விற்கும் சிறிய லேத்துகளுக்குப் பொருந்தும். முதல் எண், படுக்கைக்கு மேல் சுழலக்கூடிய விட்டம், இரண்டாவது, இரு முனைகளுக்கு இடையிலுள்ள நீளம், இரண்டுமே அங்குலத்தில். பல நிறங்களில் பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: சிறிய பித்தளைத் துண்டு ஒன்று, அதைக் கிராஸ் ஸ்லைடின் அடியில் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு, அதன் இருபுறமும் அமுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாச் சிறு திருகு).

எதையும் கழற்றும் முன் இரண்டு அளவுகள்

மின்இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். டயல் கேஜின் (நுண் அசைவை முள்ளால் காட்டும் கருவி) காந்தப் பிடியை லேத் படுக்கையில் வைத்து, முனையை டூல் போஸ்டில் (டூலைப் பிடித்திருக்கும் கட்டை) படும்படி நிறுத்துங்கள். கைப்பிடியை உள்நோக்கிச் சுற்றி முள் நகரத் தொடங்கியதும் நிறுத்தி, இப்போது எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். முள் மீண்டும் அசையும்வரை கைப்பிடி டயலில் எத்தனை கோடு கடந்தது? அதுதான் மொத்த ஆட்டம். கைப்பிடித் திருகின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகர்த்தும் தூரம்) 1 மி.மீ., டயலில் 40 கோடுகள் என்றால் ஒரு கோடு 0.025 மி.மீ.

இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேஜின் முனையைக் கைப்பிடியின் நடுவில், திருகின் நுனியில் வையுங்கள். கைப்பிடியைச் சுற்றாமல் நேராக இழுங்கள், தள்ளுங்கள். முள் காட்டுவது திருகு தன் தாங்கியில் முன்பின் ஆடும் அளவு. மொத்த ஆட்டத்திலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நட்டின் கணக்கு. ஒரு நண்பர் 0.4 மி.மீ. ஆட்டம் என்று புலம்பிக்கொண்டு வந்தார். அளந்தபோது 0.3 மி.மீ. கைப்பிடிப் பக்கத்தில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கியதோடு வேலை முடிந்தது. வாங்கி வந்த பித்தளைக் கட்டை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

மொத்தம் 0.1 முதல் 0.15 மி.மீ. வரை இருந்தால் நான் தொடுவதில்லை. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து சேரும் பழக்கம் இருந்தால் அந்த ஆட்டம் வேலையில் தெரியவே தெரியாது.

அறிகுறி 1: கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றுகிறது, பிறகுதான் ஸ்லைடு நகர்கிறது

முதலில் கைப்பிடிப் பக்கம். மேலே சொன்ன இழு-தள்ளு சோதனையில் 0.05 மி.மீ.க்கு மேல் வந்தால், கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்குங்கள். இறுக்கினால் கைப்பிடி கனக்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது என்றால் தாங்கியின் முகம் சொரசொரப்பாக இருக்கிறது. முகத்தைத் தட்டையாகத் தேய்த்து, மெல்லிய பித்தளை ஷிம் (இடைவெளி நிரப்பும் தகடு) வாஷர் ஒன்றைக் கொடுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் இரு பக்கமும் சிறிய திரஸ்ட் பேரிங் வைக்கலாம். இந்த லேத்தில் நான் செய்த மாற்றங்களில் கைக்கு உடனே தெரிந்த மாற்றம் அதுதான். புதிய நட்கூட அவ்வளவு தெரியவில்லை.

அடுத்து நட்டைப் பிடித்திருக்கும் திருகு. கிராஸ் ஸ்லைடின் மேல் வரிசையாக மூன்று திருகுகள் இருக்கும். சில லேத்துகளில் கம்பவுண்டை (கிராஸ் ஸ்லைடின் மேல் உள்ள சிறிய ஸ்லைடு) நகர்த்தினால்தான் கண்ணில் படும். நடுத் திருகு தளர்ந்தால் நட் முழுவதும் முன்னும் பின்னும் குலுங்கும். இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.

அதன் பிறகும் ஆட்டம் இருந்தால், நடுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, ஓரத்திலுள்ள கிரப் ஸ்க்ரூ ஒன்றை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, நடுத் திருகை மீண்டும் இறுக்குங்கள். நட் லேசாகச் சாய்ந்து கைப்பிடித் திருகைக் கவ்வும். ஆட்டம் குறையும். தயாரிப்பாளர்கள் தந்திருக்கும் வழி இதுதான், நானும் செய்கிறேன், ஆனால் இது ஒத்திப்போடுதல்தான். சாய்ந்த நட்டில் மரையின் (திருகுப் புரி) முழு நீளமும் வேலை செய்வதில்லை. இரு ஓரங்களிலுமுள்ள ஓரிரு மரைகள்தான் சுமையைத் தாங்குகின்றன. அவை விரைவில் தேயும். இரண்டாம் முறை இப்படிச் சாய்க்க வேண்டி வந்தால் புதிய நட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: ஓரிடத்தில் இறுகுகிறது, வேறிடத்தில் தளர்கிறது

இறுக்கம் எங்கே வருகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

*ஸ்லைடு உங்கள் பக்கம் வரும்போது மட்டும் இறுகினால்* நட்டும் கைப்பிடித் தாங்கியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஸ்லைடு தூரத்தில் இருக்கும்போது திருகு சற்று வளைந்து கொடுக்கும். அருகில் வந்ததும் வளைய நீளம் இல்லை. தாங்கியைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். ஸ்லைடை முடிந்தவரை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். தாங்கி தானாக உட்காரும் இடத்தில் போல்ட்டுகளை மாறிமாறி இறுக்குங்கள். பத்தில் எட்டு முறை இதோடு சரியாகிவிடும். அப்போதும் சரியாகாமல், உயரத்தில் பொருந்தவில்லை என்றால் நட்டுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஷிம் வேண்டும்.

*ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இறுகினால்* திருகு வளைந்திருக்கிறது. கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். இரண்டு வி-பிளாக்கும் ஒரு டயல் கேஜும் இருந்தால் மெல்ல நிமிர்த்தலாம். கை நடுங்குபவர்கள் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

*நடுவில் தளர்ந்து இரு ஓரங்களிலும் இறுகினால்* தேய்ந்திருப்பது திருகு. நாம் எப்போதும் ஒரே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில்தான் வேலை செய்கிறோம், அந்த இடம் தேய்கிறது. புதிய நட் இதைக் குணப்படுத்தாது. நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால் ஓரத்தில் பூட்டிக்கொள்ளும். திருகையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

*எங்கே என்று சொல்லமுடியாமல் அங்கங்கே இறுகினால்* கிப் பட்டையை (ஸ்லைடின் பக்க இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) பாருங்கள். பிசிறும் பழைய எண்ணெயும் சேர்ந்த பசை டோவ்டெயிலில் (ஸ்லைடு ஓடும் சரிவுத் தடம்) இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, கிப்பை ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு திருகாகச் சரிசெய்யுங்கள். கைப்பிடித் திருகைக் கழற்றிவிட்டு ஸ்லைடைக் கையால் மட்டும் தள்ளிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் நட் நிரபராதி.

அறிகுறி 3: பார்ட்டிங் (துண்டை அறுத்துப் பிரித்தல்) செய்யும்போது டூல் திடீரென உள்ளே பாய்கிறது

வெட்டு விசை டூலை வேலைத்துண்டுக்குள் இழுக்கும் தருணத்தில், ஆட்டம் எவ்வளவோ அவ்வளவும் ஒரே பாய்ச்சலில் தீர்ந்துவிடும். பிளேடு உடைவதும் துண்டு சக்கிலிருந்து (துண்டைக் கவ்விச் சுழற்றும் பகுதி) எகிறுவதும் அந்தக் கணத்தில்தான். ஆனால் ஆட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன: டூலின் முனை மைய உயரத்துக்குக் கீழே இருக்கிறதா, கிப் தளர்ந்திருக்கிறதா, டூல் அளவுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, கம்பவுண்ட் குலுங்குகிறதா.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பாய்ந்தால், நட் ஒற்றைத் திருகில் தொங்குவதுதான் காரணம். விசை திரும்பும்போது அது அந்தத் திருகை மையமாக வைத்து ஊசலாடுகிறது. ஸ்லைடின் மேல் விரலை வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சட்டென முன்பின் ஆட்டினால் நடுத் திருகின் தலையில் மெல்லிய அசைவு தெரியும். இதற்கு எந்தச் சரிசெய்தலும் நிற்காது. நீளமான, இரண்டு திருகுகளில் உட்காரும் நட் வேண்டும்.

அறிகுறி 4: டயல் ஒரு கணக்கு, மைக்ரோமீட்டர் ஒரு கணக்கு

இதற்காக நட்டை மாற்றியவன் நான். மாற்றியும் கணக்கு பொருந்தவில்லை.

0.1 மி.மீ. உள்ளே கொடுத்தால் விட்டம் 0.2 மி.மீ. குறையும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் புதிய லேத்தில் டயல் ஆரத்தைக் காட்டுகிறதா விட்டத்தையா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். பின்னால் வந்து அளவுக்கு நின்றீர்களா என்று யோசியுங்கள். அப்படி நின்றால் பழி ஆட்டத்தின்மேல் அல்ல, கையின்மேல். டயல் வளையம் தன் ஸ்பிரிங்கில் வழுக்குகிறதா என்று பாருங்கள். மெல்லிய துண்டு டூலிடமிருந்து விலகி வளைகிறதா என்று அதே அளவில் இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். மீண்டும் சுருள் வந்தால் விலகுகிறது.

பிறகு திருகு. டயல் கேஜை வைத்துப் பத்துச் சுற்று சுற்றுங்கள். 1 மி.மீ. பிட்ச் திருகு 10 மி.மீ. நகர்த்த வேண்டும். 12.7 மி.மீ. நகர்ந்தால் உங்களிடம் இருப்பது அங்குலத்துக்கு 20 மரையுள்ள திருகு, டயல் தவறானது. மொத்தம் சரியாக இருந்து, ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஏறியும் இறங்கியும் போனால், தாங்கியின் முகம் திருகுக்குச் செங்குத்தாக இல்லை. அந்த முகத்தைச் சரியாகக் கடைய வேண்டும். அது டர்னர் (கடைசல்காரர்) வேலை. நட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி 5: கைப்பிடி எவ்வளவு சுற்றினாலும் ஸ்லைடு நகரவில்லை

நட்டின் மரை உருவிவிட்டது. தாங்கியைக் கழற்றித் திருகை வெளியே இழுத்தால், மரைப் பள்ளத்தில் மெல்லிய பித்தளைக் கம்பிச் சுருள் சிக்கி வரும். உங்கள் நட்டின் மரைதான் அது. திருகைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, நடுவிலும் ஓரத்திலும் மரையின் தடிமனை ஒப்பிடுங்கள். நடுவில் மரை கத்திமுனை போல் மெலிந்திருந்தால் திருகும் போய்விட்டது.

அடுத்து எழும் கேள்வி: லேத் நட் செய்ய லேத் வேண்டும், லேத் ஓட நட் வேண்டும். கோழியா முட்டையா? பதற வேண்டாம். நட்டுக்குள் துளையிடுவதும் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போடுவதும் டெயில்ஸ்டாக்கின் (படுக்கையின் மறுமுனையில் உள்ள தாங்கி) வேலை. கிராஸ் ஸ்லைடு தேவையே இல்லை. டேப்பைக் கடையத்தான் உள்நோக்கிய நகர்வு தேவை. அதற்குக் கம்பவுண்டை 90 பாகை திருப்பி, கிராஸ் ஸ்லைடுக்கு இணையாக நிறுத்தி, கிப் திருகுகளை இறுக்கிக் கிராஸ் ஸ்லைடைப் பூட்டிவிடுங்கள். கம்பவுண்டே அன்றைக்குக் கிராஸ் ஸ்லைடு.

புதிய நட்: எதில், எப்படி

முதலில் திருகை அளக்க வேண்டும். வெளிவிட்டம், பத்து மரைகளின் நீளம், மரைக் கோணம் ஆகிய மூன்றும். கோணம் 60 பாகை என்றால் சாதாரண மரை. 30 என்றால் மெட்ரிக் டிரபிசாய்டல். 29 என்றால் அக்மி. நான்காவது ஒன்று உண்டு: இது இடது மரை. கைப்பிடியை வலப்புறம் சுற்றினால் ஸ்லைடு உங்களைவிட்டு விலக வேண்டும் அல்லவா? திருகு நின்ற இடத்தில் சுழல, நட் விலகிச் செல்ல வேண்டுமானால் மரை இடதாக இருந்தே தீர வேண்டும்.

செலவு குறைந்தது அசிட்டால் பிளாஸ்டிக். கடையில் டெல்ரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். டேப் வேண்டாம். கட்டையில் திருகின் அடிவிட்டத்துக்குத் துளையிட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் திருகின்மேல் வைத்து வைஸில் மெல்லக் கவ்வுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகின் இரு முனைகளையும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்குங்கள், பிளாஸ்டிக்கை நேராகச் சூடாக்காதீர்கள். 165 முதல் 175 பாகை செல்சியஸில் அது உருகத் தொடங்கும். வைஸ் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்ளும். இரு பாதிகளும் சேர்ந்ததும் சூட்டை நிறுத்தி, வைஸிலேயே முழுவதும் ஆறவிடுங்கள். பிறகு திருகைக் கழற்றினால் உள்ளே அச்சாக மரை பதிந்திருக்கும், ஆட்டம் ஏறக்குறைய பூஜ்யம். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். சூடு மிஞ்சினால் அசிட்டால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். பற்றிக்கொண்டாலோ அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானது. நான் வாசலில் செய்தும் கண் எரிந்தது.

இந்த நட் என் லேத்தில் இரண்டு ஆண்டு ஓடியது. பித்தளை, அலுமினிய வேலைக்கு அருமை. இரும்பில் ஆழமாகப் பார்ட்டிங் செய்யும்போது அழுத்தத்துக்குச் சற்று நெகிழ்ந்து கொடுப்பதை டயலில் உணர முடியும். வெப்பத்தில் பித்தளையைவிட ஐந்து மடங்குக்குமேல் விரியும் பொருள் என்பதால் வெயில் காலத்தில் கைப்பிடி கொஞ்சம் கனக்கவும் செய்தது.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் கன் மெட்டல் (ஒரு வகை வெண்கலம்). பித்தளையும் ஓடும், ஆனால் கன் மெட்டல் தேய்மானத்துக்கு மேல். கோவையில் பம்பு உதிரிபாகம் விற்பவர்களிடம் தடித்த சுவருள்ள புஷ் துண்டு கேட்டுப் பாருங்கள். முழுக் கட்டை வாங்குவதைவிடச் சிக்கனம். இதற்கு டேப் வேண்டும். உங்கள் திருகு எம்8×1 (8 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச்) இடது மரை என்றால் டேப் கடையில் கிடைக்கும், துளை 7 மி.மீ. டிரபிசாய்டல் என்றால் நீங்களே கடைய வேண்டியிருக்கும். 8×1.5 திருகுக்கு நட்டின் துளை 6.5 மி.மீ., டேப்பின் வெளிவிட்டம் 8.3, 10×2 திருகுக்கு 8 மி.மீ., 10.5. வெளிவிட்டம் திருகைவிடப் பெரிதாக இருப்பது தவறல்ல. மரையின் பக்கச்சுவர்கள்தான் பொருந்த வேண்டும், உச்சி தொடக்கூடாது.

டேப்புக்கு சில்வர் ஸ்டீல் (சூடாக்கித் தோய்த்தால் கடினமாகும் எஃகு). மரை வெட்டிய பிறகு, முன்பகுதியில் முப்பது நாற்பது மி.மீ. நீளத்துக்குச் சரிவாகக் கடைந்துவிடுங்கள். டிரபிசாய்டல் டேப் நிறைய உலோகத்தை எடுக்க வேண்டும், சரிவு குறைந்தால் நட்டுக்குள்ளேயே முறியும். நான்கு பள்ளங்களை அரத்தால்கூடப் போடலாம். செர்ரிப்பழச் சிவப்புக்குச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து, பளபளப்பாகத் தேய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்ல மீண்டும் சூடாக்கி ஆற்றுங்கள்.

கட்டையை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, துளையிட்டு, அதே பிடியில் டேப்பின் பின்முனையை டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கிக் கையால் சுற்றுங்கள். இடது மரை, ஆகவே இடப்புறம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.

துளையும் மரையும் முடிந்த பிறகுதான் வெளிமுகங்கள். பலர் கட்டையை அழகாகச் சதுரமாக்கிவிட்டுக் கடைசியில் துளையிடுகிறார்கள், உயரம் தவறிவிடுகிறது. மரையில் ஒரு தண்டை ஏற்றி, அதிலிருந்து மேல்முகத்தின் உயரத்தை அளந்து, தேவையானதைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. குறைவாக விடுங்கள். குறைந்ததை ஷிம் வைத்து ஏற்றலாம். மிஞ்சினால் மறுபடி அரம்தான். நீளத்தைக் கூட்டும்போது ஸ்லைடின் ஓட்டம் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். என் முதல் நட் தாங்கியில் முட்டிக்கொண்டு நின்றது.

இனி மேம்பாடு. நட்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முன்பாதியாகவும் மீதி பின்பாதியாகவும் இருக்குமாறு, திருகுக்குக் குறுக்காக ஒரு பக்கச்சுவரிலிருந்து ஹாக்சாவால் அறுங்கள். அறுப்பு துளையைக் கடந்து, மறுபக்கச் சுவரில் 3 மி.மீ. மட்டும் மிஞ்ச வேண்டும், அதுவே கீல். அறுத்த பக்கத்தில், பின்பாதியில் திருகுக்கு இணையாக ஒரு எம்3 அல்லது எம்4 மரைத் துளை. அதில் போடும் கிரப் ஸ்க்ரூவின் முனை பிளவைத் தாண்டி முன்பாதியை அமுக்கும். இறுக்கும்போது பிளவு விரிந்து, இரு பாதிகளும் திருகின் மரையை எதிரெதிர்ப் பக்கங்களில் தொடும். ஆட்டம் ஒழியும். முன்பாதியை மட்டும் ஸ்லைடில் இரண்டு திருகுகளால் பிடியுங்கள். அதற்கு ஸ்லைடில் ஒரு துளை கூடுதலாகப் போட நேரும். பின்பாதி சுதந்திரமாக இருக்க வேண்டும், அதன்மேல் இருக்கும் பழைய கிரப் ஸ்க்ரூ படக்கூடாது. பிறகு தேய்ந்தால் ஸ்லைடைப் பின்னே ஓட்டி, பின்புறமாக நீள ஆலன் கீயை நுழைத்து ஒரு சிட்டிகை சுற்றினால் போதும். கழற்ற வேண்டியதில்லை.

அறிகுறி 6: புதிய நட் போட்டதும் கைப்பிடி கனக்கிறது

ஸ்லைடில் பொருத்தாமல், நட்டை மட்டும் திருகின்மேல் கையால் ஓட்டிப் பாருங்கள். எளிதாக ஓடினால் மரையில் குறையில்லை, நேர்கோடுதான் தவறு. அறிகுறி 2க்குப் போங்கள். கையிலேயே கனத்தால் பிசிறு மாட்டியிருக்கலாம். டேப்பை மீண்டும் ஒருமுறை ஓட்டி, கழுவுங்கள். பிளவு நட் என்றால் கிரப் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்திவிட்டுச் சோதியுங்கள்.

கனம் குறைய உரைபசை (தேய்க்கும் துகள் கலந்த பசை) போடும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். மென்மையான நட்டில் அந்தத் துகள்கள் புதைந்து நின்றுவிடும். நட் அரமாகி, பிறகு தேய்வது திருகு. எண்ணெயும் ஐம்பது முறை முன்பின் சுற்றலும் போதும்.

டர்னரிடம் போகும் இடம்

திருகு நடுவில் தேய்ந்திருந்தால், தாங்கி முகம் கோணலாக இருந்தால், ஸ்லைடின் டோவ்டெயில் தேய்ந்து கிப்பை இறுக்க இடமே இல்லாமல் போயிருந்தால், நட் உட்காரும் துளையின் மரை வார்ப்பிரும்பில் உடைந்திருந்தால் வீட்டில் முயல வேண்டாம். டோவ்டெயிலைச் சுரண்டிச் சமன்செய்வது கைதேர்ந்தவர் வேலை. அதற்குக் கேட்கும் கூலி சிறிய லேத்தின் விலையை நெருங்கினால் சாடிலையும் (கிராஸ் ஸ்லைடைத் தாங்கும் பகுதி) ஸ்லைடையும் உதிரிபாகமாக வாங்குவது மேல்.

புதிய திருகு கடையக் கொடுக்கும்போது வரைபடத்தை மட்டும் நீட்டாதீர்கள். பழைய திருகு, பழைய நட், தாங்கி மூன்றையும் கொண்டுபோங்கள். திருகின்மேல் 'இடது மரை' என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். முதல்முறை நான் காகிதத்தில் அளவுகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் கண்ணாடி போல் பளபளக்கும் திருகு கிடைத்தது, கூடவே அதற்கேற்ற நட்டும். மாட்டி, வலப்புறம் சுற்றினேன். டூல் என்னை நோக்கி வந்தது.